கிதாருக்குச் சாரீரம் தரும் காகிதக் கூம்பு

2015ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்த மழை 49 சென்டிமீட்டர். ஏரிகளுக்கும் அடையாற்றுக்கும் தெருக்களுக்கும் இடையே இருந்த பேதமெல்லாம் அழிந்துபோன அந்த வேளையில், தாம்பரத்தை அடுத்த முடிச்சூரின் தாழ்வான மனைகளில் வீடு கட்டிக் குடியேறிய எங்களைப் போன்றவர்கள், எதை முதலில் மாடிக்கு ஏற்றுவது என்று நிதானித்து யோசிக்கவும் அவகாசமின்றி, குழந்தைகளையும் முதியவர்களையும் கைத்தாங்கலாக ஏற்றிவிட்டு, பத்திரங்களையும் மருந்துப் பையையும் அரிசி மூட்டையையும் சுமந்துகொண்டு ஏறினோம். கூடத்து மூலையில் தரையோடு தரையாக வைத்திருந்த கிதார் ஆம்ப்ளிஃபயர் எவருடைய நினைவுக்கும் வரவில்லை.

தண்ணீர் வடிந்தபின் சேற்றை வழித்துக்கொண்டே வந்து அந்தப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். மின்சுற்று அமைந்த தகட்டுப் பெட்டி மேல்தட்டில் இருந்தபடியால் நனையாமல் தப்பியிருந்தது. கீழே பொருத்தியிருந்த 12 அங்குல ஸ்பீக்கரின் காகிதக் கூம்புதான் நனைந்த அப்பளம்போல் துவண்டு, ஓரம் பிய்ந்து, நடுவிலுள்ள காந்தத்தின் இடுக்கெல்லாம் வண்டல் அடைத்துக் கிடந்தது. வந்து பார்த்த நண்பர்கள் இரண்டு விதமாக அபிப்பிராயம் சொன்னார்கள். பெட்டியை அப்படியே காயலான் கடையில் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கிவிடுவதே உத்தமம் என்றது ஒரு கட்சி. பன்னிரண்டு அங்குலத்தில் ஏதாவது ஒரு ஸ்பீக்கரை வாங்கி மாட்டினால் பாடிவிட்டுப் போகிறது என்றது இன்னொரு கட்சி. மெல்லிசைக் குழுக்களிலும் தேவாலயப் பாடகர் குழுக்களிலும் பதினெட்டு வருஷம் கிதார் வாசித்தவன் என்ற முறையில், இவ்விரு யோசனைகளும் பிழையானவை என்று இன்று நான் உறுதியாகச் சொல்வேன். அன்று அந்த உறுதி எனக்கு இல்லை. அதனால் பணமும் நஷ்டம், அதைவிட மேலாக, நான்கு மாதங்கள் என் வாத்தியத்தின் குரலும் நஷ்டம்.

வீணை செய்யும் தஞ்சாவூர்க் கைவினைஞர் முதிர்ந்த பலாமரத்தைத் தேடிப் போவது எதற்காக? தந்தியின் அதிர்வைக் குடம் வாங்கிக்கொண்டு, தன் மரத்தின் குணத்தையும் அதில் கலந்து காற்றிடம் ஒப்படைக்கிறபோதுதான் அது நாதமாகிறது என்பதை அவர் அறிவார். மரப்பெட்டியுள்ள கிதாருக்கும் இதுவே நியதி. தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டு இசை பயின்ற இளையராஜா, லண்டன் டிரினிட்டி கல்லூரித் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றது அத்தகைய கிதாரில்தான். அதற்கு மின்சாரம் வேண்டியதில்லை, கூடத்தில் அமர்ந்து வாசித்தால் வாசல்வரை கேட்கும். மின்சாரக் கிதாரோ வேறு ஜாதி. பெரும்பாலும் அது உள்ளே வெற்றிடமில்லாத கட்டைப் பலகை. மின்சாரமின்றி மீட்டினால் அடுத்த அறைக்குக் கேட்காது. குடத்தின் வேலையை அதற்குச் செய்து கொடுப்பது, ஆறடி தள்ளி ஒரு பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும் ஸ்பீக்கர். உடலைச் சரீரம் என்றும், பாடுகிறவரின் குரலைச் சாரீரம் என்றும் நம் சங்கீத உலகில் சொல்வது வழக்கம். மின்சாரக் கிதாருக்கு அந்தக் காகிதக் கூம்புதான் சரீரம், சாரீரமும் அதுவே. மின்சார மாண்டலினைக் கர்நாடக சங்கீத மேடையில் நிலைநாட்டிய யு. ஸ்ரீநிவாஸ் (1969–2014) ஐந்து தந்திகளில் குழைத்துக் கொடுத்த கமகங்கள் அவருடைய விரலில் பிறந்தவையே ஆயினும், சபையோரின் செவிக்கு அவை வந்து சேர்ந்தது ஸ்பீக்கர் என்ற வாய் வழியாகத்தான். அந்த வாயை மாற்றுகிறவர் வாத்தியத்தையே பாதி மாற்றுகிறார்.

தமிழில் ஒலிபெருக்கி என்ற ஒரே சொல்லை நாம் இரண்டு பொருள்களுக்கும் வழங்கிவிட்டோம். மின்னோட்டத்தைப் பெருக்கும் கருவியும் ஒலிபெருக்கி, அதை ஒலியாக்கிக் காட்டும் கருவியும் ஒலிபெருக்கி. இந்தச் சொல் மயக்கம் கடைவாசலிலும் தொடர்கிறது. ஆகையால் பெருக்குவதை ஆம்ப்ளிஃபயர் என்றும், பேசுவதை ஸ்பீக்கர் என்றும் கடைக்காரர்கள் சொல்கிறபடியே நானும் சொல்லிக்கொண்டு போகிறேன்.

மின்சாரக் கிதார் ஒலிக்கும் தத்துவம் எளியது. கிதாரின் எஃகுத் தந்திகளுக்குக் கீழே ஒரு காந்தமும் அதைச் சுற்றிய மெல்லிய செம்புக் கம்பிச் சுருளும் இருக்கின்றன. தந்தி அதிரும்போது அந்தச் சுருளில் மிகச் சிறிய மின்னோட்டம் எழுகிறது. ஆம்ப்ளிஃபயர் அதைப் பன்மடங்காக்கி அனுப்ப, ஸ்பீக்கரின் காந்த இடுக்கில் நிற்கும் மற்றொரு சுருள், அதாவது கடைக்காரர்கள் ‘காயில்’ என்று சொல்வது, முன்னும் பின்னும் துள்ளித் தன்னோடு ஒட்டிய கூம்பைத் தள்ளுகிறது. 1898இல் ஆங்கிலேய விஞ்ஞானி ஆலிவர் லாட்ஜ், காந்த இடுக்கில் சுருள் துள்ளும் இந்த யோசனைக்குக் காப்புரிமை பெற்றார். 1925இல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த ரைஸ், கெல்லாக் என்ற இருவர் அதற்கு இன்றைய வடிவத்தைக் கொடுத்தார்கள். நூறு ஆண்டுகள் கழிந்தும் அடிப்படையில் அது மாறவில்லை. தாம்பரத்துக்காரர்களுக்கு இங்கே ஒரு செய்தி உண்டு. சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931இல். ஜார்ஜ் பீச்சம் என்பவர் வாணலி போன்ற வடிவத்தில் மின்சாரக் கிதாரை உருவாக்கியதும் அதே 1931இல்தான். நம் ரயிலும் அந்த வாத்தியமும் ஒரே வயதினர்.

இனி என் பிழையைச் சொல்கிறேன். ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய ஒரு கடையில், ‘பழையது 60 வாட்தானே, இது 300 வாட், ஆயுளுக்கும் போகாது’ என்று சொல்லிக் கொடுத்த ஸ்பீக்கரை, அதன் கனத்தையும் காந்தத்தின் பருமனையும் பார்த்து மயங்கி வாங்கி வந்தேன். மைக் செட்டுக்கென்று செய்த ஊஃபர் அது. மாட்டி வாசித்துப் பார்த்தால், போர்வைக்குள்ளிருந்து ஒருவர் பேசுவதுபோல் கேட்டது. சுருதி சரியாக இருந்தது, சத்தமும் ஓரளவு இருந்தது, ஆனால் உயிரெழுத்துகளுக்கு இடையே மெய்யெழுத்துகளையெல்லாம் எவரோ அழித்துவிட்டாற்போல் இருந்தது. குமிழ்களை எத்தனை திருகினாலும் அந்த எழுத்துகள் திரும்ப வரவில்லை. அந்த ஸ்பீக்கரில் குற்றமில்லை; பிற்பாடு அதை ஒரு மைக் செட்காரரிடம் கொடுத்தேன், அவரிடம் அது செவ்வனே வேலை செய்கிறது. தவறான இடத்தில் அதைக் கொண்டுபோய் வைத்ததுதான் குற்றம்.

கல்யாண வீட்டு மைக் செட்டின் ஸ்பீக்கருக்கு உரிய தர்மம், வந்த ஒலியை வந்தபடியே சொல்வது. கிதார் ஸ்பீக்கரின் தர்மம் அதுவன்று. அது தன் அபிப்பிராயத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கிதாரின் தடித்த தந்தி விநாடிக்கு ஏறத்தாழ 82 முறை அதிர்கிறது. நல்ல கிதார் ஸ்பீக்கர் அதற்குச் சற்றுக் கீழே, 75 அளவில் தொடங்கி, மெல்ல ஏறி, 2,000க்கும் 4,000க்கும் இடையே தலைநிமிர்ந்து, 5,000ஐத் தாண்டியதும் சட்டென்று மௌனமாகிவிடும். அந்த நிமிர்வினால்தான் பாடகரின் குரலுக்கும் கீபோர்டுக்கும் நடுவிலும் கிதார் தனியே தெரிகிறது; அந்த மௌனத்தினால்தான், ஒலியை வேண்டுமென்றே கரகரப்பாக்கி வாசிக்கும்போது எழும் தகரச் சீற்றம் நம் காதுக்கு வராமல் வடிகட்டப்படுகிறது. கூம்பு மெல்லிய காகிதத்தால் ஆனது, அதன் விளிம்பும் அதே காகிதத்தின் மடிப்புகளே. ஓங்கி வாசிக்கும்போது அந்தக் காகிதம் முழுதும் ஒன்றாக அசையாமல் பகுதி பகுதியாகத் துடிக்கும். வானொலிப் பெட்டி செய்கிறவர் இதைப் பிழை என்பார், கிதார்க்காரர் இதையே ருசி என்பார். மைக் செட் ஊஃபரின் கூம்போ தடித்தது, விறைத்தது, கனத்த தாழ்ந்த ஒலிகளுக்காக வெகுதூரம் அசையும்படி செய்தது. என் வாத்தியத்தின் மெய்யெழுத்துகள் எங்கே போயின என்பது இதற்குள் விளங்கியிருக்கும்.

இங்கிலாந்தின் கிங்க்ஸ் குழுவில் இருந்த டேவ் டேவிஸ் என்ற இளைஞர் 1964இல் தம்முடைய சிறிய ஆம்ப்ளிஃபயரின் கூம்பை சவர பிளேடால் கீறிவிட்டு வாசித்தார். அந்தக் கிழிசலின் உறுமல் உலகெங்கும் கேட்டது. கூம்பின் காகிதத்துக்கு இசையில் எவ்வளவு பங்கு உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது. பிள்ளைகள் இதைப் படித்துவிட்டுப் பிளேடைத் தேட வேண்டாம். பாட்டுக்கு ஒரு கூம்பு என்று செலவழிக்க நம்மால் ஆகாது.

அளவுகளைப் பற்றிச் சொல்லாமல் இந்த விஷயத்தை முடிக்க இயலாது. எல்லோரும் முதலில் கேட்பது வாட். ஸ்பீக்கரின் மேல் எழுதியிருக்கும் வாட் அதன் சத்தத்தைக் குறிப்பதன்று. எவ்வளவு சூட்டை அது தாங்கும் என்பதையே குறிக்கிறது. ஆம்ப்ளிஃபயரின் வாட்டைவிட அது கூடுதலாக இருப்பது அவசியம். வால்வு வைத்த ஆம்ப்ளிஃபயரானால், முழுதும் முடுக்கும்போது அது தன் பெயர்ப்பலகையில் உள்ளதைவிட அதிகமாகவே கக்கும் என்பதால், ஒரே ஸ்பீக்கர் உள்ள பெட்டிக்கு இரண்டு மடங்கு தாங்குவதை வாங்குவது விவேகம். அதற்கு மேல் கூட்டிக்கொண்டே போவதில் ஒரு லாபமும் இல்லை. சத்தத்தைக் குறிப்பது வேறோர் எண். ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி நின்று அளந்தால் எத்தனை டெசிபல் என்பது அது. 97 என்றோ 100 என்றோ உறையின் மேல் போட்டிருப்பார்கள். மூன்றுதானே வித்தியாசம் என்று அலட்சியம் செய்யக் கூடாது. மூன்று டெசிபல் கூடினால் ஆம்ப்ளிஃபயரின் வாட்டை இரட்டித்ததற்குச் சமம்: 97 உள்ள ஸ்பீக்கரில் 30 வாட் செய்வதை, 100 உள்ளது 15 வாட்டிலேயே செய்துவிடும். சத்தம் போதவில்லை என்று பெரிய ஆம்ப்ளிஃபயர் வாங்கப் புறப்படுகிறவர்களில் பலருக்கு உண்மையில் வேண்டியிருப்பது, இந்த எண் சற்றுக் கூடுதலாக உள்ள ஒரு ஸ்பீக்கர்தான். ஆயினும் எத்தனையோ கடைகளில் இதைக் கேட்டேன், வாட்டைச் சொன்னார்களே தவிர இதைச் சொன்னவர்கள் மிகச் சிலர்.

அடுத்தது ஓம், அதாவது மின்னோட்டத்துக்கு ஸ்பீக்கர் காட்டும் தடையின் அளவு. இதில் தவறினால் குரல் கெடுவதோடு நிற்காது, கருவியே எரியும். டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரின் பின்புறத்தில் 8 ஓம் என்று போட்டிருந்தால் 8 அல்லது அதற்கு மேல் இருக்கலாம், கீழே போகலாகாது. எங்கள் தெருவில் ஒரு பையன் கார் ஸ்பீக்கர் ஒன்றைக் கழற்றித் தன் ஆம்ப்ளிஃபயரில் மாட்டினான். அது 4 ஓம். மின்னோட்டம் ஏறத்தாழ இரட்டித்து, இரண்டாம் பாட்டு முடிவதற்குள் உள்ளேயிருந்து புகை வந்தது. வால்வு ஆம்ப்ளிஃபயருக்கு நியதி இன்னும் கண்டிப்பானது: சொன்ன ஓமையே கொடுக்க வேண்டும், ஸ்பீக்கரை இணைக்காமல் அதை இயக்கவே கூடாது, இயக்கினால் அதன் டிரான்ஸ்ஃபார்மர் பழுதாகும். இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர்களைத் தொடராகக் கோத்தால் 16, பக்கம் பக்கமாகக் கோத்தால் 4. பழைய ஸ்பீக்கரில் எழுத்து அழிந்துபோயிருந்தால் மீட்டரை வைத்துப் பார்க்கலாம். 8 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் ஆறு, ஆறரை என்றுதான் காட்டும், அதைக் கண்டு 6 ஓம் ஸ்பீக்கர் தேடி அலைய வேண்டாம்.

எண்கள் ஒத்துப்போன பின்புதான் தேர்வு என்பதே தொடங்குகிறது. 1924இல் தொடங்கிய இங்கிலாந்தின் செலெஸ்டியன் நிறுவனத்தின் வழியில் வந்த ஸ்பீக்கர்களின் குரல் நடுஸ்தாயியில் முன்வந்து சற்றே கரகரத்துப் பேசும். 1960ஐ ஒட்டி வாக்ஸ் நிறுவனத்தின் ஏ.சி.30 பெட்டியில் 15 வாட் தாங்கும் இரண்டு செலெஸ்டியன்களும், பின்னர் மார்ஷல் நிறுவனத்தின் நான்கு ஸ்பீக்கர் பெட்டிகளும் அந்தக் குரலைப் பிரசித்தமாக்கின. அமெரிக்காவில் ஃபெண்டர் நிறுவனம் 1950களில் பயன்படுத்திய ஜென்சன் ஸ்பீக்கர்களின் வழி வேறு: நடுவே கொஞ்சம் விலகி நின்று, மேல் ஸ்தாயி மணிபோல் தெளிந்து ஒலிக்கும். ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்பதில்லை. திரைப்பாடல்களுக்கு நறுக்குத் தெறித்தாற்போல் தாளம் கொடுத்து வாசிக்கும் மெல்லிசைக் குழுக் கிதாருக்கு இரண்டாவது வழியையே நான் சிபாரிசு செய்வேன். தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியின் டீப்வுட்ஸ் விழாவில் மேடையேறி முழங்க நினைக்கும் மாணவர் முதல் வழியைத் தேர்வதே பொருத்தம். அல்நிகோ காந்தமா செராமிக் காந்தமா என்று இளைஞர்கள் இரவெல்லாம் வாதிடுகிறார்கள். அலுமினியம், நிக்கல், கோபால்ட் சேர்ந்த அல்நிகோ விலை அதிகம், ஓங்கி வாசிக்கும்போது இதமாக இறுகும், உண்மை. ஆனால் நல்ல கூம்பு வைத்த செராமிக் ஸ்பீக்கரை அதற்குத் தாழ்ந்ததாக நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வாசிக்கிறவரின் காசுக்குப் பலன் காந்தத்தைவிடக் கூம்பில்தான் அதிகம்.

தேர்வு செய்ய ஒரே வழி காது. நம் கிதாரையும் நம் ஆம்ப்ளிஃபயரையும் கடைக்கே சுமந்துபோய், பத்து வருஷமாகக் கையில் ஊறிய ஒரு பாட்டை வாசித்துப் பார்க்க வேண்டும். நேர் எதிரே நின்று கேட்கலாகாது. கிதார் ஸ்பீக்கர் மேல் ஸ்தாயியை ஊசிபோல் நேர்க்கோட்டில் எய்வதால், எதிரே நிற்பவருக்குக் கூச்சமும் பக்கத்தில் நிற்பவருக்கு மந்தமும் தோன்றும். பத்தடி தள்ளி, சற்று ஓரமாக நின்று, வேறொருவரை வாசிக்கச் சொல்லிக் கேட்பது நல்லது. சபையோர் அங்கிருந்துதானே கேட்கப்போகிறார்கள்? பெட்டியின் முதுகு திறந்ததா மூடியதா என்பதையும் மறக்கக் கூடாது. திறந்த முதுகு இரு பக்கமும் ஒலியைப் பரப்பிச் சிறு கூடத்தை நிரப்பும். மூடிய முதுகு கீழ் ஸ்தாயியை இறுக்கிப் பிடித்து முன்னே தள்ளும். ஒன்றில் இனித்த ஸ்பீக்கர் மற்றொன்றில் உறுமலாம். புதிய கூம்பு விறைப்பாக இருக்கும், சில வாரங்கள் வாசித்த பிறகே குழையும்; முதல் நாள் குரலை வைத்துக்கொண்டு நிராகரிப்பது அவசரம்.

ஆனால் இவ்வளவும் புதியது வாங்குகிறவருக்கு. அதற்கு முன்னால் போக வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. நான்கு மாதங்கள் அந்த மைக் செட் ஊஃபருடன் போராடிவிட்டு, பழைய ஸ்பீக்கரைத் துணிப்பையில் சுற்றி எடுத்துக்கொண்டு, தாம்பரத்தில் ரயிலேறி எழும்பூரில் இறங்கி, அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவுக்குப் போனேன். அங்கே ஒரு சந்தில், மேசை அகலமே உள்ள கடையில், ஸ்பீக்கர் கட்டிக் கொடுக்கும் முதியவர் ஒருவர் அதை விளக்கொளியில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “மேக்னெட் நல்லா இருக்கு சார். கேப்ல மண்ணுதான், எடுத்துடலாம். கோன்தான் கிதாருக்கு ஏத்த மாதிரி லைட்டா கிடைக்கணும். ரெண்டு வாரம் டைம் குடுங்க.” கடைக்காரர்கள் வாட்டைப் பேசிக்கொண்டிருந்தபோது, கூம்பின் கனத்தைப் பற்றி முதன்முதலில் என்னிடம் பேசியவர் அவர்தான்.

அவர் வேலையை அருகிலிருந்து பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. இற்றுப்போன கூம்பை வட்டமாக அறுத்தெடுத்தார்; காந்த இடுக்கில் ஒட்டும் நாடாவை மடித்து நுழைத்து நுழைத்து, வண்டலையும், காந்தம் விடாமல் பற்றியிருந்த இரும்புத் துகள்களையும் ஒரு மணி நேரம் எடுத்தார்; புதிய காயிலை இடுக்கின் நட்டநடுவில் நிறுத்த அதற்குள் மெல்லிய பிளாஸ்டிக் சுருளைச் செருகினார்; நெளிநெளியான துணித் தாங்கியை, ‘ஸ்பைடர்’ என்பார்கள், கீழேயும் கூம்பின் விளிம்பை மேலேயும் பசையிட்டு, கனம் வைத்து ஒருநாள் காயவிட்டார். மறுநாள் பிளாஸ்டிக் சுருளை உருவிவிட்டு, கூம்பை இரு கட்டைவிரல்களாலும் மெல்ல அழுத்திக் காதை வைத்துக் கேட்டார். உரசல் இல்லை. ஒன்றரை வோல்ட் டார்ச் செல்லின் இரு முனைகளையும் தொட்டுக் காட்டினார். கூம்பு முன்னால் வந்தது. ‘பிளஸ் இதுதான்’ என்று சிவப்பு மையில் புள்ளி வைத்துக் கொடுத்தார். இரண்டு ஸ்பீக்கர் உள்ள பெட்டியில் இந்தப் புள்ளி மாறிவிட்டால் ஒன்று தள்ளுவதை மற்றொன்று இழுத்து, கீழ் ஸ்தாயி முழுதும் காணாமல் போகும் என்பதை அந்த ஒரு புள்ளியிலிருந்துதான் கற்றேன்.

இப்படிப்பட்ட கைகளை நாம் போஷிக்கிறோமா? தாம்பரம், குரோம்பேட்டை, பெருங்களத்தூர், முடிச்சூர் வட்டாரத்துத் தேவாலயங்களிலும் பள்ளிகளிலும் இசை வகுப்புகளிலும், கூம்பு கிழிந்த ஒரே குற்றத்துக்காக மூலையில் ஒதுக்கிய ஆம்ப்ளிஃபயர்களை நானே எண்ணற்ற முறை பார்த்திருக்கிறேன். எலி கடித்தவை, கடற்காற்றின் ஈரத்தில் பசை விட்டவை, கேரல் பவனிக்கு வேனில் ஏற்றும்போது குடைக் காம்பு குத்தியவை. இவற்றில் பெரும்பாலானவற்றின் மின்சுற்று நல்ல நிலையில் இருக்கிறது. வெளிநாட்டு ஸ்பீக்கர் ஒன்றின் விலை பல சமயம் சிறிய ஆம்ப்ளிஃபயர் ஒன்றின் விலையையே எட்டிவிடுவதால், ‘இதற்குப் புதுப்பெட்டியே வாங்கிவிடலாம்’ என்று கணக்குப் போடுகிறவர்களை நான் குறைசொல்லவில்லை. கூம்பு மாற்றிக் கட்டுகிற செலவை அவர்கள் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை என்பதுதான் என் வருத்தம்.

மின்னணுக் கழிவுகளைப் பற்றிய 2022ஆம் ஆண்டு விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. பழுது பார்க்கும் உரிமைக்கென்று மத்திய அரசு 2022 டிசம்பரில் தொடங்கிய தளம், விவசாயக் கருவிகள், கைபேசி முதலான மின்னணுப் பொருள்கள், வீட்டு உபயோகப் பொருள்கள், வாகனங்கள் என்ற நான்கு துறைகளைக் கருதி அமைந்தது. வாத்தியக்காரர்களையும் இந்த நினைப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் வேண்டுகோள். கிதார் ஆம்ப்ளிஃபயர் விற்கிறவர்கள் அதன் ஸ்பீக்கரின் ஓமையும் டெசிபலையும் அழியாத எழுத்தில் பொறிக்கட்டும். அந்தந்த ஸ்பீக்கருக்கு உரிய கூம்பையும் காயிலையும் உதிரியாக விற்கட்டும். சரியான கூம்பு கிடைக்காமல், கைக்கு வந்த தடித்த கூம்பை ஒட்டிக் கொடுத்தால், நான் செய்த பிழையையே ஸ்பீக்கர் கட்டுகிறவரும் செய்ய நேரும். ஐ.டி.ஐ.களில் மின்னணுத் தொழில் கற்கும் மாணவருக்கு ஒரு ஸ்பீக்கரை அவிழ்த்துக் கட்டும் பயிற்சி இரண்டு நாள் தந்தால், அந்தச் சந்துக் கடை முதியவரின் வித்தை அவரோடு முடியாது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது, தெருவில் தண்ணீர் தேங்கத் தொடங்கியதுமே வீட்டில் முதலில் மாடிக்குப் போனது அந்தப் பெட்டிதான். அதைத் தூக்கியவள் என் பேத்தி. அதே காந்தம், அதே இரும்புச் சட்டம், ரிச்சி தெருவில் கட்டிய கூம்பு. இன்றும் அதில்தான் வாசிக்கிறேன்.

கிறிஸ்துமஸ் பாடல்களுக்கும் மார்கழிக் கச்சேரிகளுக்கும் இன்னும் நாள் இருக்கிறது. உங்கள் வீட்டிலோ ஆலயத்திலோ ஊமையாகிக் கிடக்கும் ஆம்ப்ளிஃபயர் இருந்தால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பின்புறமிருந்து விளக்கடித்துக் கூம்பைப் பாருங்கள்; வால்வு வைத்ததானால், நிறுத்திய பிறகும் உள்ளே நானூறு வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும், ஆதலால் தெரிந்தவர் கையில் கொடுத்துத் திறக்கச் சொல்லுங்கள். கூம்பு மட்டும்தான் போயிருக்கிறது என்று தெரிந்தால், தயவுசெய்து அதைக் காயலான் கடைக்குக் கொடுக்காதீர்கள். ஸ்பீக்கரைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு ரயிலேறுங்கள். கட்டிக் கொடுப்பவரிடம் ‘கிதாருக்கு’ என்ற ஒரு சொல்லை மறவாமல் சொல்லுங்கள்.